ஏசி தண்ணி

கூலன்ட் லீக் என்று ஹசீனா சொன்னதும் நான் சிரித்தேன். அவ்வளவுதானா என்று கூடக் கேட்டேன். நேற்று மாலை கல்லூரியிலிருந்து திரும்பும்போது அவிநாசி ரோட்டில் என் காருக்குள் சிவப்பு விளக்கு எரிந்து, சூடு காட்டும் முள் மேலே ஏறி, பானெட்டிலிருந்து ஆவி வந்து, பின்னால் நின்ற பஸ்காரன் என் குலத்தையே விசாரித்து, எஞ்சினே போய்விட்டதாக நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவளுக்கு, ஒரு ஒழுகல் என்பது நல்ல சேதிதானே. ஹசீனா இந்த சர்வீஸ் சென்டரில் அட்வைசர். முப்பது வயதிருக்கும், முக்காடு கலையாமல் காலையிலிருந்து பத்து வண்டிக்காரர்களிடம் ஒரே குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள். செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாருங்க மேடம், வாட்டர் பம்ப்புல பச்சையா உப்பு பூத்த மாதிரி படிஞ்சிருக்கு. இது இன்னிக்கு நேத்து லீக் இல்ல. நாலஞ்சு மாசமாவது இருக்கும். சொட்டுச் சொட்டா பார்க்கிங்ல நிக்கும்போது ஒழுகியிருக்கும். நீங்க பாக்கலையா?" பார்த்தேன் என்றேன். ஏசி தண்ணி என்று நினைத்தேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் மேடம் நினைக்கறாங்க" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். கம்பெனியின் அறிவிப்பு. என் மாடலில் குறிப்பிட்ட மாதங்களில் செய்த வண்டிகளுக்கெல்லாம் பம்ப்பின் சீல் கோளாறாம், இலவசமாக மாற்றித் தருகிறார்களாம், பிப்ரவரியிலேயே உங்களுக்குக் கடிதமும் மூன்று மெசேஜும் வந்திருக்குமே என்றாள். வந்திருக்கும். இலவசம் என்று ஆரம்பிக்கிற எதையும் நான் முழுக்கப் படிக்கிற வழக்கமில்லை. இப்போது படித்தேன், பொழுது போக வேண்டுமே என்றுதான், கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும். கசியும் திரவம் இனிப்புச் சுவையுடையது, நச்சுத்தன்மை வாய்ந்தது, குழந்தைகளும் விலங்குகளும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளவும். அதற்குப் பிறகு ஹசீனா என்னவோ சொன்னாள், ஒரு மணி நேரம் ஆகும், லௌஞ்சில் உட்காருங்கள், காபி மெஷின் இருக்கிறது என்றெல்லாம். அவள் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது.

உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வயிற்றுப் பக்கத்தை இதுவரை நான் பார்த்ததேயில்லை. எத்திலீன் கிளைகால், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்டில் இருப்பது அதுதான், பச்சை அதில் கலக்கிற சாயம். இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு போர்டில் எழுதிப் போடுகிறேன், நிறமற்றது, பாகு போன்றது, இனிப்பானது, நச்சு. உடம்புக்குள் போனதும் ஆக்சாலிக் அமிலமாக மாறும், சிறுநீரகத்தில் படிகமாகப் படியும், இரண்டு மூன்று நாளில் ஆள் காலி. இதற்கு மாற்று மருந்து என்ன தெரியுமா, சாராயம் என்று நான் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து கைதட்டல் வரும், வருஷா வருஷம் அதே இடத்தில், நானும் வருஷா வருஷம் அதே இடத்தில் ஒரு நொடி நிறுத்திக் கொடுப்பேன். அந்தக் கைதட்டல் இப்போது காதில் கேட்கிறது, நிறுத்தச் சொல்ல முடியவில்லை. பஞ்சு. எங்கள் அபார்ட்மெண்டையே சுற்றிக் கிடந்த நாய் பஞ்சுவும் அதன் இரண்டு குட்டிகளும். வேண்டாம், வரிசையாக யோசிக்க வேண்டும், பதறக் கூடாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எலி மருந்தாக இருக்கலாம், அடுத்த தெருவில் எதையாவது தின்றுவிட்டு வந்திருக்கலாம். பிரேதப் பரிசோதனையா செய்தோம், கார்ப்பரேஷன் வண்டியில் தூக்கிப் போட்டு அனுப்பினோம். அந்த மூன்றும் எங்கே கிடந்தன? ஏழாம் நம்பர் பார்க்கிங். ஏழாம் நம்பர் யாருடையது? என்னுடையது. என் வண்டிக்கு அடியில்தான் அந்த நாய் படுக்கும், தரை சில்லென்று இருக்கும் என்று. பங்குனி வெயிலில் தரை சில்லென்று இருந்ததற்குக் காரணம் என்ன என்று கெமிஸ்ட்ரி படித்தவளுக்குத் தோன்றவில்லை. ஈரமாக இருந்ததடி, அதனால்தான் சில்லென்று இருந்தது.

சென்னியப்பன் சொன்னார். ஆமாம், சொன்னார். சென்னியப்பன் எங்கள் அபார்ட்மெண்டின் வாட்ச்மேன், காங்கேயம் பக்கத்து ஆள், ஐம்பத்தைந்து இருக்கும், காலையில் வண்டிகளையும் துடைப்பார். மார்ச் மாதம், முதல் வாரமோ இரண்டாம் வாரமோ, நான் அவசரமாகக் கிளம்பும்போது வந்து நின்றார். "அம்மா, உங்க வண்டிக்குக் கீழ பச்சையா என்னமோ ஒழுகுதுங்க. மெக்கானிக்குகிட்ட ஒருக்கா காட்டீட்டீங்கன்னா தேவலைங்க." நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நின்று பாடம் நடத்தினேன். காற்றில் ஈரம் இருக்கிறது, ஏசியின் குளிர்ந்த குழாயில் பட்டதும் தண்ணீராகிறது, சொம்பில் ஐஸ் போட்டால் வெளியே வேர்க்கிறதில்லையா, அதேதான், வெறும் ஏசி தண்ணி, பயப்படாதீங்க. அவர் "பச்சையா இருக்குதுங்களே" என்றார். பாசியாக இருக்கும் என்றேன். குனிந்து பார்க்கவில்லை. இடுப்பு வலி என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கு இடுப்பு வலி கிடையாது, புதுப் புடவை, அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு பக்கெட் தண்ணீரை வாரியடித்துத் தள்ளிவிடுவதைப் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன், தண்ணீரை வீணாக்குகிறார் என்று அசோசியேஷன் கூட்டத்தில் சொன்னவளும் நான்தான். நான் செயலாளர். சொல்லாமல் விடலாமா.

ஹசீனா வந்து எதிரே நிற்கிறாள். "மேடம், ஒரு டவுட்டு. இவ்ளோ நாள் ஒழுகியிருக்கு, ஆனா நேத்துதான் சூடேறியிருக்கு. யாராவது டாப்-அப் பண்ணிட்டு இருந்தாங்களா?" இல்லையே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி துடைக்கும்போது சென்னியப்பன் சொல்வார், "பானட்ட திறந்து உடுங்கம்மா, அதையும் ஒருக்காப் பாத்துடறேன்." போன சர்வீஸின்போது கொடுத்த பச்சை கேன் டிக்கியில் கிடந்தது, அதை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வந்திருக்கிறார், கேனின் மேல் போட்டிருந்த படத்தைப் பார்த்து. சொல்லிக்காட்டாமல், கேட்காமல். ஏசி தண்ணி என்று டீச்சரம்மா சொல்லிவிட்டதால் பதில் பேசவில்லை, ஆனால் தன் பாட்டுக்கு வேலையைச் செய்திருக்கிறார். ஏப்ரலில் அவரை அனுப்பினோம், ஜூனில் என் வண்டி கொதிக்கிறது. "வாட்ச்மேன் ஊத்துனார்" என்றேன். "நல்ல ஆளுங்க மேடம், இல்லன்னா எஞ்சின் எப்பவோ போயிருக்கும்" என்றாள் ஹசீனா. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். காபி கப்பைக் கீழே வைத்துவிட்டேன், டிவியில் யாரோ சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரிசையாக. ஏப்ரல் பத்தாம் தேதி ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா என்று நாலு நாள் லீவு வாங்கிக்கொண்டு போனார். அந்த நாலு நாளும் பக்கெட் தண்ணீர் கிடையாது, யாரும் கழுவவில்லை, பச்சை தேங்கியிருக்கிறது. பதினான்காம் தேதி சாயங்காலம் திரும்பினார். வந்ததும் வராததுமாக ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போய் வண்டிக்கு அடியில் ஊற்றுகிறார், பக்கத்தில் நாய் படுத்திருக்கிறது, இது சிசிடிவியில் இருக்கிறது. மறுநாள் காலை மூன்றும் செத்துக் கிடந்தன. இதைவிட என்ன வேண்டும்? குட்டிகள் அவருடைய புதுச் செருப்பைக் கடித்துக் குதறியபோது "ஒரு நாளைக்கு இருக்குது உங்களுக்கு" என்று அவர் கத்தியதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். காட்சியைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து, பெரிதாக்கி, நிறுத்தி, அந்தப் பாட்டிலை விரலால் தொட்டுக் காட்டியவள் நான். பினாயிலுங்கம்மா என்றார். உங்க வண்டிக்குக் கீழ இருந்ததைத்தானுங்க கழுவி உட்டேன் என்றார். பழியை என் வண்டி மேலேயே போடுகிறாயா என்று எனக்குச் சுருக்கென்று ஏறியது, அப்போது அவரை நீ என்றேன், முதல் தடவையாக. போலீசில் புகார் எழுதினேன். வாட்ஸ்அப்பில் போடுவதற்கு அவருடைய போட்டோவோடு நானே வாசகம் எழுதினேன், வாயில்லா ஜீவன்களைக் கொன்ற முகம் இது, பார்த்து வையுங்கள், வேலைக்குச் சேர்க்காதீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் மேடம் என்று எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். பீளமேட்டிலிருந்து சூலூர் வரைக்கும் போனது அந்த மெசேஜ். செக்யூரிட்டி கம்பெனி அவரை நிறுத்தியது, வேறு எங்கும் எடுக்கவில்லை, ஊரோடு போய்விட்டார், தேங்காய் உடைக்கிற களத்தில் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது நல்லா வேணும் என்று தோசை வார்த்துக்கொண்டே சொன்னேன். வருகிற வியாழக்கிழமை கோர்ட். முதல் சாட்சி நான்.

ஆனால் பஞ்சு தள்ளாடியது எப்போது? இதுதான். இதில்தான் வந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். பஞ்சு தள்ளாடிக்கொண்டு வந்து தூணில் இடித்துக்கொண்டது, குடித்தவன் மாதிரி பின்னங்கால் பின்னியது, தண்ணீர்ச் சட்டியை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு மறுபடியும் நாக்கைத் தொங்கப் போட்டது, நான் வெயில் என்று நினைத்து மேலே போய்த் தயிர் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தேன், மோந்துகூடப் பார்க்காமல் வாந்தி எடுத்தது. அது எந்த நாள்? கேட்டை யார் திறந்துவிட்டார்கள்? நானே இறங்கித் திறந்தேன். கேட்டைத் தள்ளி, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூடி, வாட்ச்மேனுக்கு நாலு நாள் லீவு கொடுத்தது தப்பு என்று முனகிக்கொண்டே வந்தபோதுதான் பஞ்சு எதிரே வந்தது. அவர் ஊரில் இருந்தார். மாரியம்மனுக்கு முன்னால் நின்றிருப்பார். அவருடைய லீவின் கடைசி நாள், அப்படியென்றால் பதின்மூன்றாம் தேதி. பாட்டிலுக்கு ஒரு நாள் முன்பு. ஒரு முழு நாள். இது எனக்குத் தெரியும். இன்றைக்குத் தெரிந்ததில்லை, அன்றைக்கே தெரியும், தயிர் சாதம் பிசைந்த கைக்குத் தெரியும். போலீஸ்காரர் கேட்டார், வேற ஏதாவது சொல்லணுமா மேடம் என்று, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். மறைத்தேனா, மறந்தேனா? மறந்ததாகத்தான் நினைவு. ஆனால் எதை மறந்தேன் என்று பார்த்தால், எனக்கு வேண்டாததை மட்டும் மறந்திருக்கிறேன். செருப்பை மறக்கவில்லை, அவர் கத்தியதை மறக்கவில்லை, பாட்டிலின் மூடி சிவப்பா நீலமா என்பதுகூட இன்றைக்கும் தெரியும். ஐயோ. வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து சோபாவில் பேப்பர் படிப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"மேடம், இதுல மட்டும் ஒரு கையெழுத்து." ஹசீனாவின் கையில் கம்பெனி ஃபார்ம். பழைய பம்ப்பை இன்று மாலையே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம், விதி அப்படி. ஃபார்மில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, ஒழுகல் எப்போதிலிருந்து கவனிக்கப்பட்டது. "இன்னிக்குன்னு போட்டுடுங்க மேடம். முன்னாடி தேதி போட்டா நோட்டீஸ் வந்தும் ஏன் வரலைன்னு கேள்வி கேப்பாங்க, உங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு." நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். இன்றைக்கு என்று போட்டுவிட்டால் போதும். பம்ப் போய்விடும், பச்சை உப்பு போய்விடும், புது பம்ப்போடு சுத்தமான வண்டியில் வீட்டுக்குப் போகலாம், வியாழக்கிழமை போய் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லலாம், ஊற்றினார் என்பது உண்மைதானே, பொய்யில்லையே. யாருக்குத் தெரியப் போகிறது? இப்படியெல்லாம் எனக்கு யோசிக்க வருகிறது என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பேனா கையில் இருந்தது, கட்டம் சின்னதாக இருந்தது, இரண்டு தடவை பேனாவை வைத்து எடுத்தேன், அங்கே ஒரு மைப் புள்ளி விழுந்துவிட்டது. மார்ச் முதல் என்று எழுதினேன். பக்கத்திலேயே, வாட்ச்மேன் சென்னியப்பன் சொல்லியும் நான் கவனிக்கவில்லை என்று எழுதினேன், எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. ஹசீனா அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு நாளா ஒழுகியிருக்குன்னு நீங்க உங்க கைப்பட எழுதி, சீல் போட்டுக் குடுக்கணும்மா. பம்ப்பைப் போட்டோவும் எடுத்துக் குடுங்க. கோர்ட்டுல காட்டணும்" என்றேன். கோர்ட் என்றதும் பயந்துவிட்டாள். "கம்பெனி மேல கேஸா மேடம்?" கம்பெனி மேலே எதற்கு, அது நோட்டீஸ் அனுப்பியது, தப்பை ஒத்துக்கொண்டது, மாற்றியும் கொடுக்கிறது. நான் என்ன அனுப்பினேன்? "இல்லம்மா. கேஸ் ஏற்கெனவே நடக்குது. தப்பான ஆள் மேல" என்றேன்.

போனில் அவர் நம்பர் வாட்ச்மேன் என்றுதான் இருந்தது. ஆறு வருஷம். பெயரையே புகார் எழுதும்போதுதான் அப்பா பெயரோடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மணி அடித்தது, நாலு, ஐந்து, எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுக்க வேண்டாம் என்றும் நினைத்தேன். எடுத்தார். பின்னால் தேங்காய் உடைக்கும் சத்தம், நிறையப் பேர். "ஆருங்க?" நான் பெயரைச் சொன்னேன், அபார்ட்மெண்ட் என்றேன். "சொல்லுங்கம்மா. நானே உங்களுக்குக் கூப்புடோணும்னு இருந்தனுங்க. வியாழக்கிழமை நீங்க அலைய வேண்டியதில்லீங்க. ஒத்துக்கறேன்னு வக்கீல்கிட்டச் சொல்லீட்டனுங்க" என்றார். எதை என்று கேட்டேன், அது என் குரல் மாதிரியே இல்லை. "நாந்தானுங்க கொன்னது. வேணும்னு செய்யலீங்க. அந்தப் பச்சத் தண்ணி போகோணும்னு பினாயில தண்ணி கலக்காம ஊத்தீட்டனுங்க. அதத்தான் நக்கியிருக்கோணும். ரெண்டு மாசமா யோசிச்சுப் பாத்துட்டனுங்க, வேற ஒண்ணும் தோணலீங்க. குட்டிக இன்னும் பால்குடிகூட மறக்கலீங்களே." அவர் என்னைப் பொய்க்காரி, பாவி என்று கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போன் செய்தேன். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை எங்கே வைப்பது? எழுந்து நின்றுவிட்டேன், லௌஞ்சில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"சென்னியப்பண்ணா, நீங்க கொல்லல. பினாயில் இல்ல. என் வண்டியிலிருந்து ஒழுகுனதுதான் விஷம். நீங்க சொன்னீங்க, நான்தான் ஏசி தண்ணின்னு சொன்னேன். நீங்க ஊர்ல இருந்தப்பவே பஞ்சுக்கு முடியாமப் போயிருச்சு. நான் கண்ணால பாத்தேன். போலீஸ்ல சொல்லாம விட்டுட்டேன். எதையும் ஒத்துக்காதீங்க. வியாழக்கிழமை நான் வந்து சொல்றேன்." "அப்ப நான் இல்லீங்களா?" நீங்க இல்லை என்றேன். "நல்லாத் தெரியுங்களா? எனக்குச் சமாதானத்துக்குச் சொல்லலீங்களே?" நல்லாத் தெரியும், நான் படித்ததே அதுதான் என்றேன், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. "ஒரு நிமிஷம் இருங்கம்மா. எங்கூட்டுக்காரி இங்கதான் இருக்கறா. உங்க மெசேஜி இந்தக் களத்துக்கும் வந்துருச்சுங்க. அவ எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கறதில்லீங்க. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்களே சொல்லிருங்க." போன் கை மாறுகிற சத்தம், வளையல் சத்தம். "ஆரு? அந்த டீச்சரா?" என்றது ஒரு பெண் குரல், அவரிடம். பிறகு என்னிடம், "இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். எங்க எல்லாருக்கும் சேத்துத்தான அனுப்புனீங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொல்லுங்க" என்றாள். தேங்காய் உடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் நின்றே போயிற்று. என் பெயர் கோகிலவாணி, அந்த மெசேஜை எழுதியது நான்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன்.